நாற்பத்தேழாம் பக்கத்தின் உரிமையாளர்

"திருடிட்டாங்க டீச்சர்," என்றார் சங்கரநயினார்.

"என்னத்தை?"

"என் புத்தகத்தை. அட்டைக்கு அட்டை அப்படியே ஸ்கேன் பண்ணி நெட்டுல போட்டிருக்காங்க. எவன் வேணும்னாலும் எடுத்துக்கிடலாமாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேக்கலையே."

"உக்காருங்க சார்," என்றார் பிலோமினா டீச்சர்.

உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. படி அப்படி.

அம்பாசமுத்திரம் ஸ்டேஷன் ரோட்டில் கீழே மாவு மில், மேலே டீச்சரின் பிரவுசிங் சென்டர். மில் ஓடினால் மேஜை அதிரும். மிளகாய் அரைத்தால் வந்திருக்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தும்முவார்கள். ஒரு காலத்தில் அந்த மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தார். மெஷினெல்லாம் பழைய இரும்புக்குப் போனபின் மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். டீச்சர் என்கிற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்தொன்று.

சங்கரநயினாருக்கு அறுபத்துநான்கு. முப்பத்துமூன்று வருஷம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். எதிரே நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குப் பாடம் நடத்தித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. ஆனால் ஊரில் நாலு பேர் ஒரே வாயாகச் சொன்னார்கள். நெட்டில் கிடக்கிற திருட்டுக் காப்பியை எடுக்க வேண்டுமா, டீச்சரிடம் போ.

சமையல் புத்தகம் போட்ட ஒரு அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். போட்டித்தேர்வு கைடு எழுதினவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். ராசிபலன் எழுதும் ஜோசியர் ஒருவருக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். தன் புத்தகம் திருடு போகும் என்று அந்த ஜோசியருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள்.

"அந்த சைட்டுக்கு ஏற்கெனவே ஏதாவது எழுதிப் போட்டீங்களா சார்?"

போட்டிருந்தார். பதினோரு கடிதம். பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றும் மூன்று பக்கம்.

டீச்சர் பதினொன்றையும் படித்தார். கீழே மில் ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"இதுல உங்களைப் பத்தி நிறைய இருக்கு," என்றார். "படிச்ச படிப்பு இருக்கு. வாங்குன விருது இருக்கு. அவங்க பரம்பரையைப் பத்தியும் கொஞ்சம் இருக்கு. லிங்க் எங்க?"

"எந்த லிங்க்?"

"உங்க புத்தகம் எந்தப் பக்கத்துல இருக்கோ, அந்தப் பக்கத்து விலாசம்."

"அவன் சைட்டுல அவன் தேடிக்கிட வேண்டியதுதானே."

"தேட மாட்டாங்க. நீங்கதான் தேடிக் குடுக்கணும். காப்பி நாலு இருந்தா விலாசமும் நாலு."

சங்கரநயினாருக்குச் சுருக்கென்றது. பறிகொடுத்தவனே திருடன் வீட்டுக்கு வழியும் சொல்ல வேண்டுமாம்.

"சரி. வேற என்ன எழுதணும்?"

"எந்தப் புத்தகம்னு சொல்லணும். நீங்க யாருன்னு ஒரு வரி. இது என்னோடது, நான் சொல்லுதது உண்மை, பொய்னா சட்டப்படி நானே பொறுப்புன்னு உறுதி. கீழ பேரு. அவ்வளவுதான்."

"இவ்வளவு கொதிச்சுப்போய் வந்திருக்கேன். கோவத்தை எங்க எழுதுதது?"

டீச்சர் யோசித்தார்.

"அதுக்கு அந்த ஃபாரத்துல கட்டம் கிடையாது சார்."

கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

முதல் தடவை அடித்தது ஒன்றரைப் பக்கம் வந்தது. டீச்சர் பார்த்துவிட்டு அழித்தார். இரண்டாம் தடவை முக்கால் பக்கம். அதையும் அழித்தார். மூன்றாம் தடவை ஒன்பது வரி. டீச்சர் தலையை ஆட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சங்கரநயினாருக்கு உடம்பே லேசாக இருந்தது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

மறுநாள் வந்து, "அனுப்பிருவோமா?" என்றார்.

"படிச்சிட்டீங்களா?"

"எதை?"

"நாலு காப்பியையும். முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். படிக்காம உறுதி எழுத நான் விடுததில்ல."

"டீச்சர், அது நான் எழுதுன புத்தகம்."

"ஆமா."

"வரிக்கு வரி மனப்பாடம்."

"அதுக்குத்தான் படிக்கச் சொல்லுதேன்."

வேறு ஆளாக இருந்தால் எழுந்து போயிருப்பார். போகவில்லை. பதினோரு கடிதம் போட்டும் ஒரு மயிரும் அசையவில்லை என்கிற ஞாபகம் அவரைப் பிடித்து உட்கார வைத்தது.

'மலையடிவாரக் காளான்கள்' என்பது புத்தகத்தின் பேர். சாரல் விழுந்ததும் நம் மலையோரத்தில் முளைக்கிற காளான்களில் எதைத் தின்னலாம், எதைத் தொடவே கூடாது என்று படம் போட்டுச் சொல்கிற புத்தகம். நல்ல புத்தகம்தான், குறை சொல்லக் கூடாது.

நாலு காப்பியை நாலு நாள் உட்கார்ந்து படித்தார். ஒன்றில் ஆறாம் அத்தியாயம் தலைகீழாகக் கிடந்தது. ஒன்றில் யாரோ அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட்டும் சேர்ந்து ஸ்கேன் ஆகியிருந்தது. பாபநாசம் டிக்கெட். இன்னொன்றில் ஒரு படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால், 'இது எங்க தோப்பிலயும் உண்டு' என்று எழுதியிருந்தது.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. படிச்சிருக்கான்."

நாலாம் நாள் ஒன்பது வரிக்குக் கீழே அவராகவே பத்தாவது வரி ஒன்றைச் சேர்த்தார். 'காளான்களைப் பற்றி நான் எழுதிய முதல் நூலும் ஒரே நூலும் இதுவே ஆகும்.'

டீச்சரின் விரல் அந்த வரியில் வந்து நின்றது.

"இது வேணுமா சார்?"

"இருக்கட்டுமே. ஒரு எடுப்பா இருக்கும்."

"அவங்க கேக்கலையே."

"கேக்கலைன்னா என்ன, உண்மைதானே."

இதைச் சொல்லும்போது அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

டீச்சர் மேற்கொண்டு கேட்கவில்லை. அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் மூன்று காப்பி போயிற்று. ஐந்தாம் நாள், புதன்கிழமை, நாலாவதும் போயிற்று. விலாசத்தை அடித்தால், 'இந்த ஆவணம் நீக்கப்பட்டது' என்று மட்டும் வந்தது. சங்கரநயினார் கதலிப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு படியேறினார். அன்றைக்கு மூச்சே வாங்கவில்லை.

"சுத்தமாயிட்டு டீச்சர். ஒண்ணு கூட இல்ல."

"அப்படியா," என்றார் டீச்சர். பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த சைட்டின் தேடும் பெட்டியில் 'காளான்' என்று அடித்தார்.

முதலாவதாக ஒன்று வந்தது.

'சாரல் காலத்துக் காளான்கள். ஆசிரியர்: சங்கரநயினார்.'

"இது என்ன சார்?"

சங்கரநயினாரின் முகத்தில் இருந்த சந்தோஷம் இறங்கிப்போயிற்று.

"அது என்னுது இல்ல."

"உங்க பேருல்லா போட்டிருக்கு."

"நம்ம பக்கம் தடுக்கி விழுந்தா ஒரு நயினார். அதுல நான் எதுன்னு எவன் கண்டான்."

"சரி," என்றார் டீச்சர். ஒரு பழத்தை உரித்துத் தின்ன ஆரம்பித்தார். அவ்வளவுதான். சண்டைக்கு வந்திருந்தால்கூட சங்கரநயினாருக்கு நன்றாக இருந்திருக்கும்.

அது யாருடைய புத்தகம் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவருடையதுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போட்டது. நாற்பத்தேழாம் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு படம். ஒன்று புற்றுக்காளான். வேரைப் போல நீண்ட தண்டு கறையான் புற்றுக்குள்ளே போகும், ருசியானது. மற்றது பார்க்க வெள்ளைவெளேரென்று அழகாக இருக்கும், அடியில் கிண்ணம் வைத்தது போல ஒரு உறை இருக்கும், ஈரலைத் தின்றுவிடும். இரண்டுக்கும் கீழே எழுதியிருந்தது இடம் மாறிப்போயிற்று. நஞ்சுக்குக் கீழே 'உண்ணத் தகுந்தது'. நல்லதுக்குக் கீழே 'நஞ்சு, தொடாதீர்'.

ஐநூறு பிரதி அச்சாகி முடிந்தபின்தான் கண்ணில் பட்டது. விரல் நீளத்தில் ஒரு சீட்டு அடித்து, ஒவ்வொரு புத்தகத்திலும் செருகினார்கள். 'பிழை திருத்தம். அச்சகத்தாரின் கவனக்குறைவால் 47ஆம் பக்கத்துப் படக்குறிப்புகள் இடம் மாறியுள்ளன.'

அச்சக முதலாளி காந்திமதிநாதன் அந்தச் சீட்டையும் தன் அச்சகத்திலேயே அடித்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம் கழித்துத் தபாலில் ஒரு கவர் அனுப்பினார். அதில் கடிதம் இல்லை. நாற்பத்தேழாம் பக்கத்தின் புரூஃப் மட்டும் இருந்தது. அதிலும் குறிப்பு இடம் மாறித்தான் இருந்தது. ஓரத்தில் சங்கரநயினாரின் கையெழுத்தில், 'சரிபார்த்தேன். அச்சிடலாம்.'

அந்தக் கவரை அவர் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தார். புத்தகத்தைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து எல்லாவற்றையும் ஒழுங்காக்கி, புதுப் பேர் வைத்து, உள்ளே 'முதல் பதிப்பு' என்று போட்டு வேறு புத்தகமாகக் கொண்டுவந்தார். பழையதைப் பற்றி யாராவது கேட்டால், "அதுவா, பிரஸ்காரன் கெடுத்துட்டான்," என்பார். பிறகு அப்படிக் கேட்பாரும் இல்லை.

ஆனால் எங்கோ ஒரு பிரதி தப்பியிருக்கிறது. அதை யாரோ ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்கிறவர் புத்தகத்தை உதறினாரோ என்னவோ, அந்தச் சீட்டு அதில் இல்லை.

புதன் மதியத்திலிருந்து அவர் செய்தது ஒன்றுதான். செல்போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பார், மூடுவார். புதன்கிழமை அதைப் பார்த்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. வியாழக்கிழமை இருநூற்று எழுபது. வெள்ளிக்கிழமை காலையில் முந்நூற்று நாற்பது. வெளியே சாரல் பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் காளான் பேச்சு. தேடுகிறவர்களுக்கு இப்போது கிடைப்பது இந்த ஒன்றுதான். நல்ல நாலையும் அவரே எடுத்துப் போட்டாயிற்று.

வெள்ளி காலை அந்தப் பக்கத்துக்குக் கீழே ஒருத்தி எழுதியிருந்தாள். பேர் இசக்கிராணி, ஊர் கடையம்.

'ரொம்ப நன்றி ஐயா. எங்க அம்மா வீட்டுத் தோட்டத்துல நிறைய முளைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை பிள்ளைகளோட பறிக்கப் போறோம். 47ஆம் பக்கத்தை போன்ல எடுத்து வச்சுக்கிட்டேன்.'

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"டீச்சர், அதை எடுக்கணும். இப்பமே."

"எதை சார்?"

போனை நீட்டி, நாற்பத்தேழாம் பக்கத்தில் நஞ்சுக்கும் நல்லதுக்கும் குறிப்பு மாறியிருப்பதைச் சொன்னார். டீச்சர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு ஒன்பது வரியை எடுத்து, பழைய விலாசத்தை அழித்து, புது விலாசத்தைப் போட்டு, கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

'இந்தப் படைப்பின் உரிமையாளர் நான் என்று உறுதி கூறுகிறேன்.' அதற்குக் கீழே பேருக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"வேற வழி இல்லையா?" என்றார் சங்கரநயினார். "இது ஆபத்துன்னு பொதுவா ஒரு புகார் குடுக்கலாமே. யார் வேணும்னாலும் குடுக்கலாம்லா?"

"குடுக்கலாம். மாசக்கணக்குல ஆகும்."

"நீங்க உங்க பேருல குடுங்களேன்."

"என்னுது இல்லையே சார்."

மில் ஓடியது. மேஜை அதிர்ந்தது. சங்கரநயினாரின் விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது. எட்டு எழுத்துப் பேர். முப்பத்துமூன்று வருஷம் எத்தனை ஆயிரம் சான்றிதழில் போட்டிருப்பார்.

அடித்தார்.

"இனி அனுப்பலாம்லா?"

"அவங்க நம்ப மாட்டாங்களே," என்றார் டீச்சர். "போன வாரம் நீங்கதான் உறுதி குடுத்திருக்கீங்க. முதல் நூலும் ஒரே நூலும் அதுதான்னு. இப்ப அதுக்கு முந்தி ஒண்ணு இருக்குன்னா என்ன சாட்சின்னு கேப்பாங்க."

சங்கரநயினார் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பத்தாவது வரி.

"புத்தகம் போட்டப்ப எழுதுன கையெழுத்துப் பிரதி ஏதும் வச்சிருக்கீங்களா?"

"எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டேன்."

"ஒண்ணும் இல்லையா?"

சங்கரநயினார் எழுந்து படியிறங்கினார். ஒரு மணி நேரம் கழித்துக் கவருடன் வந்தார். வேட்டிக்கு அடியில் கிடந்ததால் கவரில் அந்துருண்டை வாசனை அடித்தது.

டீச்சர் அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு படம். இடம் மாறிய குறிப்பு. 'சரிபார்த்தேன். அச்சிடலாம்.' கீழே பேர், தேதி.

"நல்ல கையெழுத்து சார்," என்றார்.

அந்தப் புத்தகம் அவருடையது என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். டீச்சர் அதை ஸ்கேன் செய்து நோட்டீஸுடன் இணைத்தார்.

"பிலோமினாம்மா," என்றார் சங்கரநயினார். டீச்சரை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "பிரஸ்காரர் பேரைக் கெடுத்தேன். ஒன்பது வருஷமா கெடுத்துக்கிட்டே இருந்தேன். அவமானமா இருக்கு."

டீச்சர் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் வைத்தார்.

குடித்துவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்த மவுஸை நகர்த்தினார். திரையில் அம்பு நகரவில்லை. குனிந்து பார்த்தார். டீச்சர் மவுஸ் வயரை உருவிக் கையில் வைத்திருந்தார்.

"என்ன டீச்சர் செய்யுதீங்க?"

"அந்தப் பொண்ணு எங்க இருக்கு சார்?"

"கடையத்துல."

"வீடு தெரியுமா?"

"தெரியாது."

"போன் நம்பர்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எங்க இருக்கு?"

சங்கரநயினார் திரையைப் பார்த்தார். திருட்டுப் புத்தகம் இருந்தது. அதற்குக் கீழே இசக்கிராணி இருந்தாள். வேறு எங்கேயும் இல்லை. புத்தகம் போனால் அந்தப் பக்கமே போய்விடும், கீழே உள்ள பேச்சும் போய்விடும். அவள் போனில் எடுத்து வைத்த நாற்பத்தேழாம் பக்கம் மட்டும் போகாது.

"வயரைச் சொருகாதீங்க," என்றார்.

அந்தத் திருட்டுக் காப்பியை இன்னும் ஒரு நாள் யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று அவர் சாமியை வேண்டிக்கொண்டதை நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

"நீங்க சொல்லுங்க சார், நான் அடிக்கேன். எனக்கு வேகம் கூட."

சங்கரநயினார் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அந்தச் சீட்டு அவருக்கு எழுத்து விடாமல் ஞாபகம் இருந்தது.

"பிழை திருத்தம். அச்சகத்தாரின்..."

தட்டும் சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தார். டீச்சரின் பத்து விரலும் கீபோர்டுக்கு மேலே அப்படியே நின்றன. மேஜையில் புரூஃப் தாள் கிடந்தது. டீச்சர் அதைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. டைப் பழக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாரே, அதேபோல முதுகை நேராக வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"அதை அழிங்க டீச்சர்," என்றார்.

அழித்தார்.

"என் கவனக்குறைவால்."

விரல்கள் மறுபடி ஓடின.

'என் கவனக்குறைவால் 47ஆம் பக்கத்தில் உண்ணத் தகுந்தது என்று போட்டிருப்பது நஞ்சு. அதைப் பறிக்காதீர்கள். இந்தப் புத்தகத்தைப் பார்த்து எதையும் சமைக்காதீர்கள். அம்மா இசக்கிராணி, இதைப் படித்ததும் ஒரு வரி பதில் போடுங்கள். காத்துக்கொண்டிருக்கிறேன். சங்கரநயினார், இந்தப் புத்தகத்தை எழுதியவன்.'

அவள் எழுதியதற்குக் கீழே அதைப் போட்டார்கள். அதையே தனி ஆவணமாக, பழைய புத்தகத்தின் பேரையே தலைப்பாக வைத்து அந்தத் தளத்தில் ஏற்றினார்கள். நாளை புத்தகம் போனாலும் தேடுகிறவர்களுக்கு இது கிடைக்கும். ஏற்றுவதற்கு முன் தளம் ஒரு கேள்வி கேட்டது. 'இந்த ஆவணத்தைப் பதிவேற்ற உங்களுக்கு உரிமை உண்டா?' டீச்சர் கீபோர்டை நகர்த்தவே இல்லை. சங்கரநயினாரே கையை நீட்டி 'ஆம்' என்பதைத் தட்டினார்.

மாலை வரை பதில் வரவில்லை. ஆறு மணிக்கு டீச்சர் கடையைப் பூட்டினார்.

சனிக்கிழமை டீச்சர் கடை திறக்கும் முன்பே அவர் படியில் உட்கார்ந்திருந்தார். மில்லுக்குக் கோதுமை கொண்டுவந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பார்த்தவர்கள் முந்நூற்று எண்பத்தாறு.

"கடையத்துக்கே போயி வீடு வீடாக் கேட்டுப் பாக்கட்டுமா டீச்சர்?"

"மதியம் வரைக்கும் பாருங்க. இல்லைன்னா நானும் வாரேன். ஸ்கூட்டர் இருக்கு."

பதினொன்றே முக்காலுக்குத் திரை அசைந்தது.

'ஐயா இப்பத்தான் பாத்தேன். கூடை எல்லாம் எடுத்து வச்சாச்சு. நாங்க போகல. அம்மாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். எங்க தெருவுல ஏழெட்டுப் பேரு போன்ல இந்தப் புத்தகம் இருக்கு. நீங்க போட்டிருக்க திருத்தத்தை அவங்களுக்கு அனுப்பலாமா? நீங்க எழுதுனது, உங்களைக் கேக்காம அனுப்புனா தப்புல்லா. அதான் கேக்கேன்.'

சங்கரநயினார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"கேட்டிருக்கு டீச்சர்," என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கு."

"ஆமா சார். பதில் போட்டிருங்க. போட்டதும் நோட்டீஸை அனுப்பிருவோம்."

டீச்சர் மவுஸ் வயரைச் சொருகினார்.

சங்கரநயினார் கீபோர்டைத் தானே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

'தாராளமா அனுப்புங்க. என் பேரை மட்டும் வெட்டிராதீங்க.'